டாக்டர், பொட்டாஷ் முதலாளி, மொனாக்கோவாசி: ரிபோலோவ்லெவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உர விலை பற்றிப் பேச்சு எழும் இடங்களில் நான் டிமிட்ரி ரிபோலோவ்லெவ் என்ற பெயரை இழுத்துவிடுவது வழக்கம். இழுத்ததும் சொல்லிவைத்ததுபோல அதே கேள்விகள் வரும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, கீழே பதில்களைத் தொகுத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

யாருங்க இவர்? பெயரே வாயில் நுழைய மாட்டேங்குதே.

ரஷ்யாவின் பெரிய பொட்டாஷ் உர நிறுவனமான உரல்காலியை 1990களின் நடுவிலிருந்து 2010 வரை தன் கையில் வைத்திருந்தவர். 1966 நவம்பரில் உரல் மலையடிவாரத்தில் இருக்கும் பெர்ம் நகரில் பிறந்தார். அப்பா, அம்மா இரண்டு பேரும் மருத்துவர்கள். மகனும் பெர்ம் மருத்துவக் கல்லூரியில் படித்து 1990ல் இதயநோய்ப் பிரிவு மருத்துவராக வெளியே வந்தார்.

பெயரைப் பிரித்துப் பார்த்தால் அவ்வளவு கடினமில்லை. ரஷ்ய மொழியில் 'ரிபோலோவ்' என்றால் மீன் பிடிக்கிறவர். கம்பெனியின் பெயர் தமிழ்க் காதுக்கு இன்னும் வேடிக்கை. உரலும் காலி, உலக்கையும் காலி என்று சிரித்தவர்கள் உண்டு. உரல் என்பது மலைத்தொடரின் பெயர், காலி என்பது பொட்டாசியத்தைக் குறிக்கும் சொல். அவ்வளவுதான்.

பொட்டாஷ் தோண்டி எடுக்கிற கனிமம்தானே? அதை வைத்திருந்தவரை ஏன் ரசாயனத் தொழிலதிபர் என்கிறீர்கள்?

சோவியத் காலத்திலிருந்தே அங்கே அப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள். சுரங்கம், ஆலை, துறைமுகத்துக்குப் போகும் ரயில் பெட்டி எல்லாம் சேர்ந்ததுதான் உரத் தொழில், அது ரசாயனத் தொழிலின் ஒரு கிளை. பூமிக்கடியில் வெட்டும் சில்வினைட் பாறையில் பொட்டாசியம் குளோரைடும் நாம் சமையலில் போடும் உப்பும் கலந்திருக்கும். ஆலையில் இரண்டையும் பிரிக்கிறார்கள். பிரித்து வருவதுதான் எம்.ஓ.பி. என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும் பொட்டாஷ். சாம்பல் சத்துக்காக வயலில் போடுவது. சில மூட்டைகளில் அது செங்கல்பொடி நிறத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு தரும் நிறம் அது.

இந்தப் பாறை எல்லா நாட்டிலும் கிடைக்காது. கனடா, ரஷ்யா, பெலாரஸ் மூன்றும்தான் பெரிய கைகள். ரஷ்யாவின் பங்கு பெரும்பாலும் ஒரே படுகையில், காமா ஆற்றங்கரையில் இருக்கிறது. 1925ல் சோலிகாம்ஸ்க் அருகே கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் பெரெஸ்னிகி என்ற ஊரையே இந்தத் தொழிலுக்காக எழுப்பினார்கள். போரிஸ் யெல்ட்சின் பள்ளிக்கூடம் போனது அந்த ஊரில்தான். அவருடைய அப்பா அங்கே பொட்டாஷ் ஆலைக் கட்டுமானத்தில் வேலை பார்த்தவர்.

விற்பவர்கள் ஏழெட்டுப் பேர், வாங்குபவர்கள் உலகம் முழுக்க. இந்தக் கதையில் நடக்கும் முக்கால்வாசி விஷயங்களுக்குக் காரணம் இதுதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டருக்குப் படித்தவர் உரக் கம்பெனிக்கு எப்படி வந்தார்?

நேராக வரவில்லை. முதலில் அப்பாவோடு சேர்ந்து, காந்தப்புலத்தை வைத்துச் சிகிச்சை தரும் ஒரு சிறு நிறுவனம் நடத்தினார். சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த நேரம், ஆளுக்கொரு தொழில் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர்களான தொழிற்சாலைகளோடு பழகியபோதுதான் காசு எங்கே இருக்கிறது என்று பிடிபட்டிருக்க வேண்டும். பங்குச்சந்தை பற்றிப் படித்து, 1992ல் பங்குகள் வாங்கி விற்க நிதி அமைச்சகம் தரும் சான்றிதழை வாங்கினார். பெர்ம் வட்டாரத்தில் அதைக் கையில் வைத்திருந்த முதல் ஆட்களில் ஒருவர். அதற்கப்புறம் முதலீட்டு நிறுவனம், பிறகு ஒரு வங்கி.

அந்த வருடம்தான் ரஷ்ய அரசு குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபிள் முகமதிப்புள்ள ஒரு சீட்டு கொடுத்தது. அரசுத் தொழிற்சாலைகள் பங்குகளாக மாறும்போது இந்தச் சீட்டைக் கொடுத்துப் பங்கு வாங்கலாம். பெரும்பாலான தொழிலாளிகளுக்கு அது என்னவென்றே புரியவில்லை. கிடைத்த விலைக்கு விற்றார்கள். புரிந்த சிலர் வாங்கிக் குவித்தார்கள். ரிபோலோவ்லெவ் புரிந்தவர் கூட்டம்.

பெர்ம் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் பலவற்றில் பங்கு வாங்கினார். அப்புறம் மற்றதையெல்லாம் மெல்ல விட்டுவிட்டு உரல்காலியை மட்டும் பிடித்துக்கொண்டார். என் பார்வையில் அவருடைய முழு வாழ்க்கையிலும் பெரிய முடிவு இதுதான். மாஸ்கோவில் இருந்த பெரிய ஆட்கள் எண்ணெய்க்கும் நிக்கலுக்கும் அடித்துக்கொண்டிருந்தபோது, தலைநகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த ஒரு உப்புச் சுரங்கத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொலை வழக்கில் உள்ளே இருந்தாராமே, நிஜமா?

சிறையில் இருந்தது நிஜம். கொலை செய்தவர் என்று சொன்னால் அது தவறு. பெர்மில் ரசாயனத் தொழிற்சாலை நிர்வாகி ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் 1996ல் அவரைக் கைது செய்தார்கள். சுமார் 11 மாதம் விசாரணைக் கைதியாக இருந்தார். முக்கிய சாட்சி தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டார். நீதிமன்றம் ரிபோலோவ்லெவை விடுதலை செய்தது. பங்குகளை விட்டுக்கொடுத்தால் வெளியே வரலாம் என்று உள்ளே இருந்தபோது தன்னிடம் பேரம் பேசியதாக அவர் பிற்பாடு சொன்னார்.

அந்தப் பத்தாண்டில் உரல் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையின் உரிமை கைமாறுவது எப்படி நடந்தது என்பதற்கு இந்த வழக்கு ஒரு அடையாளம். அவருடைய குடும்பம் 1995லிருந்தே ஜெனீவாவில் குடியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, பங்கு வாங்கினார். கம்பெனியை நடத்தினாரா, இல்லை சும்மா உட்கார்ந்து வித்தாரா?

இதைக் கேட்பவர்கள் பாதிப் பேர் பதிலையும் முடிவுசெய்துகொண்டுதான் கேட்கிறார்கள். நடத்தினார். குறைந்தபட்சம் விற்பனைப் பக்கத்தை நடத்தினார்.

சோவியத் காலத்தில் உரல்காலி, பக்கத்து ஊர்ப் பொட்டாஷ் கம்பெனியான சில்வினிட், பெலாரஸின் பெலாருஸ்காலி மூன்றும் ஒரே அமைப்பின் உறுப்புகள் மாதிரி. யூனியன் உடைந்தபின் வெளிநாட்டில் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். வாங்குபவர்களுக்குக் கொண்டாட்டம். 2005ல் உரல்காலியும் பெலாருஸ்காலியும் சேர்ந்து பெலாரஷ்யன் பொட்டாஷ் கம்பெனி என்ற பொது விற்பனை நிறுவனத்தைக் கொண்டுவந்தன. சுருக்கமாக பி.பி.சி. (லண்டன் வானொலி இல்லை.) இரண்டு நாட்டுச் சரக்கும் ஒரே வாசல் வழியாக, ஒரே விலையில் வெளியே போகும். அதே வருடம் விளாதிஸ்லாவ் பாவும்கெர்ட்னர் என்ற இளம் நிர்வாகியை உரல்காலியின் பொது இயக்குநராக உட்காரவைத்தார்கள். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் வரும்.

ரிபோலோவ்லெவ் இயக்குநர் குழுத் தலைவர் நாற்காலியில் இருந்தார். சுரங்கத்துக்குள் இறங்கி வளர்ந்த ஆள் இல்லை. விலை தெரிந்த ஆள்.

இப்படிக் கூட்டு சேர்ந்து விற்பது கார்டெல் இல்லையா? நம்ம ஊர் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

கார்டெல் என்றுதான் உலகப் பத்திரிகைகள் எழுதின. கனடாக்காரர்களுக்கு ஏற்கெனவே கேன்போடெக்ஸ் என்ற பொது ஏற்றுமதி நிறுவனம் இருந்தது. இந்தப் பக்கம் பி.பி.சி. வந்ததும் உலக பொட்டாஷ் வணிகத்தின் மிகப் பெரும்பகுதி இரண்டே வாசல்கள் வழியாகப் போனது. விலை குறைந்தால் உற்பத்தியைக் குறைப்பது, விலையை விடாமல் பிடிப்பது, இதுதான் உத்தி. சந்தையில் 'அளவைவிட விலை முக்கியம்' என்பார்கள்.

சம்பந்தம் உண்டா என்றால், நேரடியாக உண்டு. இந்தியாவில் பொட்டாஷ் வெட்டப்படுவதில்லை, முழுக்க இறக்குமதிதான். ரஷ்ய, பெலாரஸ், கனடாக்காரர்களோடு உட்கார்ந்து பேரம் பேசும் முக்கியமான இந்திய நிறுவனம் இந்தியன் பொட்டாஷ் லிமிடெட். அதன் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அந்தப் பேரத்தில் முடிவாகும் எண்ணை உலகமே கவனிக்கும். 2000களின் தொடக்கத்தில் டன் 100 டாலரை ஒட்டி இருந்த பொட்டாஷை 2008ல் இந்தியா 625 டாலருக்கு வாங்கியது. அடுத்த வருடம் 460.

அன்றைக்கு விவசாயிக்கு இது முழுசாக உறைக்கவில்லை. டன் 4,455 ரூபாய் என்று சில்லறை விலையை அரசு கட்டிவைத்திருந்தது, மீதியை மானியம் தாங்கியது. 2010 ஏப்ரலில் சத்து அடிப்படையிலான மானியம் வந்து விலைக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகுதான் மூட்டை விலை கடகடவென்று ஏறியது. 50 கிலோ மூட்டை 225 ரூபாய்க்கும் கீழே கிடைத்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள்.

ஒரு ஊரே பூமிக்குள் போய்விட்டதாகப் படம் பார்த்தேன். அது இவர் சுரங்கமா?

ஊரே போகவில்லை. ஆனால் குழி இவருடைய கம்பெனிச் சுரங்கத்தின் மேல் விழுந்ததுதான். பெரெஸ்னிகியில் ஒரு விசித்திரம், நகரத்தின் நேர் கீழேயே சோவியத் காலத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். வீடு, பள்ளிக்கூடம், ரயில் பாதை எல்லாம் மேலே. பல நூறு அடிக்குக் கீழே உப்புத் தூண்களை விட்டுவிட்டு வெட்டி எடுத்த வெற்று அறைகள்.

பொட்டாஷ் சுரங்கத்துக்கு எமன் தண்ணீர். நிலக்கரிச் சுரங்கத்தில் நீர் புகுந்தால் இறைத்துத் தள்ளலாம். இங்கே பாறையே உப்பு. சர்க்கரை மூட்டையில் ஓட்டை விழுந்து மழை இறங்கினால் என்ன ஆகுமோ அதுதான். வரும் நீர் வழியைக் கரைத்து, தானே வாசலை அகலமாக்கிக்கொள்ளும். 2006 அக்டோபரில் முதல் சுரங்கத்தில் நீர் புகுந்தது. சில நாட்கள் போராடிப் பார்த்துவிட்டு ஆட்களை வெளியேற்றிச் சுரங்கத்தைக் கைவிட்டார்கள். 1954லிருந்து ஓடிய சுரங்கம் அது. அடுத்த ஆண்டு ஜூலையில் மேலே நிலம் வாய் பிளந்தது. முதலில் ஒரு பெரிய குளத்தின் அளவு, பிறகு நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்துக்கு வளர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'தாத்தா'. உர ரயில்கள் ஊரைச் சுற்றிப் போக 53 கிலோமீட்டர் புதுப் பாதை போட வேண்டியிருந்தது. உர ரயில்கள் ஊரைச் சுற்றிப் போக 53 கிலோமீட்டர் புதுப் பாதை போட வேண்டியிருந்தது.

இந்தப் படுகைக்கு இது முதல் முறை இல்லை. 1986ல் பக்கத்துச் சுரங்கம் ஒன்று இதே மாதிரி மூழ்கிக் குழி விழுந்திருக்கிறது. அப்போது முதலாளி சோவியத் அரசு.

அப்போ தப்பு யார் மேல்? சோவியத்காரர்கள் மேலா, இவர் மேலா?

இந்தக் கேள்விக்கு ரஷ்ய அரசே இரண்டு தடவை இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. முதல் விசாரணைக் குழு, நிலத்தடியில் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறு, கம்பெனி மேல் தவறில்லை என்று எழுதிக் கோப்பை மூடியது. 2008 இறுதியில், துணைப் பிரதமராக இருந்த இகோர் செச்சின் மறுபடி விசாரிக்க உத்தரவிட்டார். புதிய குழு, இயற்கைக் காரணத்தோடு சுரங்கம் வெட்டிய முறையும் சேர்ந்துதான் இது நடந்தது என்றது.

நடுவில் நடந்ததைப் பாருங்கள். 2006ல் நீர் புகும்போது பொட்டாஷ் மலிவு. 2008ல் பல மடங்கு. 2007 அக்டோபரில் லண்டன் பங்குச்சந்தையில் உரல்காலி பங்குகளை விற்று 100 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியிருந்தார்கள். பங்கு விலை மறு ஆண்டு கோடைக்குள் மூன்று மடங்குக்கு மேல் ஏறி, 2008 ஃபோர்ப்ஸ் பட்டியலில் ரிபோலோவ்லெவின் சொத்து 1,200 கோடி டாலரைத் தாண்டியது. ஏழையாக இருந்தபோது யாரும் தூசி தட்டாத கோப்பு, பணக்காரரானதும் மேசைக்கு வந்தது. 2008 ஜூலையில் மெச்செல் என்ற உருக்கு, நிலக்கரி நிறுவனத்தின் முதலாளி ஒரு கூட்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று வராமல் போக, வேண்டுமானால் டாக்டரை அனுப்பிவைப்போம் என்கிற மாதிரி புதின் பேச, அந்தப் பங்கு தரைமட்டமானது. எனவே செச்சின் பெயரைக் கேட்டதும் உரல்காலி பங்கை ஆட்கள் அள்ளிப்போட்டு விற்றதில் ஆச்சரியமில்லை. இந்தத் தடவை நோயாளி ஸ்தானத்தில் ஒரு நிஜ டாக்டர்.

என் கருத்தைக் கேட்டால், நகரத்துக்குக் கீழே வெட்டியது சோவியத் முடிவு, அதிலிருந்து லாபம் எடுத்தது புது முதலாளிகள். லாபம் வாங்கியவர் பழைய கடனுக்கும் வாரிசுதான். கடைசியில் 2009ல் ரயில் பாதை உள்ளிட்ட செலவுகளுக்காக உரல்காலி பல நூறு கோடி ரூபிள் கொடுக்க 'தானாக முன்வந்து' ஒப்புக்கொண்டது.

நீர் புகுந்தது முன்னாடியே தெரிந்துதான் 2006ல் பங்கு வெளியீட்டை நிறுத்தினாரா?

நுணுக்கமான கேள்வி, இதைக் கேட்பவர்கள் கொஞ்சம் விவரமானவர்கள். நடந்தது இது: 2006 அக்டோபரில் லண்டன் வெளியீட்டுக்கு எல்லாம் தயார். கடைசி நேரத்தில் ரிபோலோவ்லெவ் விலை போதாது என்று நிறுத்தினார். வங்கிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அதற்குச் சற்றுப் பின்னால்தான் சுரங்கச் செய்தி வெளியே வந்தது.

தெரிந்து நிறுத்தினார் என்பதற்கு ஆதாரம் எதுவும் பொதுவெளிக்கு வந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நிற்கவும் மாட்டேன் என்கிறது. தெரிந்திருந்தால் குறைந்த விலைக்காவது அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போகத்தான் தோன்றும், நிறுத்தத் தோன்றாது. ஒரு வருடம் கழித்து, ஒரு சுரங்கத்தை இழந்த நிலையிலும், பொட்டாஷ் விலை ஏறியதால் வெளியீடு வெற்றிகரமாக நடந்தது.

கடைசியில் பயந்துதான் விற்றாரா? எவ்வளவு கிடைத்தது?

2010 ஜூனில் 53.2 சதவீதப் பங்கை சுலைமான் கெரிமோவும் இன்னும் இரண்டு தொழிலதிபர்களும் வாங்கினார்கள். விலையை அதிகாரபூர்வமாக அறிவிக்கவில்லை. 500 கோடி டாலரை ஒட்டி என்றுதான் எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மீதிப் பங்கையும் 2011ல் விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அதே 2011ல் பக்கத்து ஊர் சில்வினிட்டையும் உரல்காலியோடு இணைத்தார்கள்.

பயந்தாரா என்பது அவர் மனசுக்குத்தான் தெரியும். வெளியே தெரிந்த கணக்கு இது: மேலே செச்சினின் கோப்பு, கீழே கரையும் சுரங்கம், வீட்டில் 2008 இறுதியில் ஜெனீவா நீதிமன்றத்தில் மனைவி போட்ட விவாகரத்து வழக்கு. மூன்றும் ஒரே நேரத்தில். நானாக இருந்தாலும் விற்றிருப்பேன், ஆனால் இவ்வளவு விலைக்கு விற்றிருக்கத் தெரிந்திருக்காது.

விற்றது புத்திசாலித்தனமா? கொஞ்சம் பொறுத்திருந்தால் இன்னும் கிடைத்திருக்காதா?

ஒரு வருடம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும், 2011ல் பங்கு விலை நன்றாகவே இருந்தது. மூன்று வருடம் பொறுத்திருந்தால் கதை வேறு.

பெலாரஸ் அதிபர் லுகஷென்கோ 2012 டிசம்பரில் ஓர் ஆணை போட்டார். பெலாருஸ்காலி இனி பி.பி.சி. வழியாக மட்டுமல்ல, வேறு வழியிலும் விற்கலாம். ஒரே வாசல் என்ற ஏற்பாட்டில் முதல் விரிசல். 2013 ஜூலை 30 அன்று உரல்காலி, கூட்டு முறிந்தது, இனி எங்கள் சரக்கை நாங்களே விற்கிறோம் என்று அறிவித்தது. விலையைவிட அளவு முக்கியம் என்று உத்தியையே தலைகீழாக மாற்றினார்கள். உலகம் முழுக்கப் பொட்டாஷ் கம்பெனிப் பங்குகள் ஒரே நாளில் சரிந்தன. அந்த வருடம் டன்னுக்கு 427 டாலர் கொடுத்துக்கொண்டிருந்த இந்தியா, அடுத்த ஒப்பந்தத்தை 322 டாலரில் முடித்தது.

பாவும்கெர்ட்னரைக் கைது செய்தார்களே, அவர் முதலாளிகூட இல்லையே?

இல்லைதான், சம்பளத்துக்கு இருந்த பொது இயக்குநர். அதனால்தான் கைக்குக் கிடைத்தார். 2013 ஆகஸ்ட் 26 அன்று பெலாரஸ் பிரதமரின் அழைப்பில் பேச்சுவார்த்தைக்காகத் தலைநகர் மின்ஸ்க் போனார். பேசி முடித்து ஊர் திரும்ப விமான நிலையத்துக்கு வந்தபோது பிடித்தார்கள். அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி பெலாரஸுக்கு நஷ்டம் ஏற்படுத்தினார் என்று வழக்கு. விருந்துக்குக் கூப்பிட்டு விலங்கு மாட்டிய கதை. சில நாட்களில் கெரிமோவையும் தேடப்படுபவராக அறிவித்தார்கள். அவர் மின்ஸ்க் பக்கம் போகும் ஆளில்லை.

மாஸ்கோ சும்மா இருக்கவில்லை. பெலாரஸுக்குப் போகும் எண்ணெயைக் குறைத்தது, அங்கிருந்து வரும் பன்றி இறைச்சிக்குத் தடை போட்டது. செப்டம்பரில் பாவும்கெர்ட்னரைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்றினார்கள். இதற்குள் ரஷ்யாவும் தன் பங்குக்கு ஒரு வழக்கு போட்டு, விசாரிக்க எங்களிடம் கொடுங்கள் என்றது. நவம்பர் 22 அன்று ஒப்படைத்தார்கள். ரஷ்யாவிலும் கொஞ்ச காலம் வீட்டுக் காவல், பிறகு அந்த வழக்கு முடித்துவைக்கப்பட்டது. கெரிமோவ் தரப்பு அந்த டிசம்பருக்குள் பங்குகளை விற்று வெளியேறிவிட்டது. வாங்கியவர்கள் ரஷ்யத் தொழிலதிபர் மிகைல் புரோகோரோவும் டிமிட்ரி மஸேபினின் உரல்கெம் என்ற உர நிறுவனமும்.

இந்தத் தொழிலில் பொது இயக்குநர் நாற்காலி எவ்வளவு சூடானது என்று யாராவது கேட்டால் நான் ரிபோலோவ்லெவைவிட்டு இவரைத்தான் உதாரணம் காட்டுவேன். முதலாளிக்கு விற்றுவிட்டுப் போகப் பங்கு இருந்தது. இவருக்கு அது இல்லை.

டிரம்ப் வீட்டை வாங்கியவர், டாவின்சி ஓவியம் வாங்கியவர், மொனாக்கோ கால்பந்து அணி முதலாளி... எல்லாம் ஒரே ஆளா?

ஒரே ஆள்தான். டிரம்ப் சுமார் 4 கோடி டாலருக்கு வாங்கிய ஃபுளோரிடா மாளிகையை 2008ல் இவர் தரப்பு 9.5 கோடிக்கு வாங்கியது. பிறகு இடித்துவிட்டு மனைகளாகப் பிரித்து விற்றது. 2011 டிசம்பரில் மொனாக்கோ அணியில் மூன்றில் இரண்டு பங்கை வாங்கினார். அப்போது அணி இரண்டாம் நிலைப் போட்டித்தொடரில் அடிமட்டத்தில் கிடந்தது. 2017ல் பிரெஞ்சு சாம்பியன். எம்பாப்பே வளர்ந்தது அந்த அணியில்தான்.

ஓவியம் தனிக் கதை. ஈவ் பூவியே என்ற சுவிஸ் வணிகர் வழியாகச் சுமார் 200 கோடி டாலருக்கு ஓவியங்கள் வாங்கினார். அதில் ஒன்று டாவின்சி வரைந்ததாகச் சொல்லப்படும் 'சால்வதோர் முண்டி', 12.75 கோடி டாலர். வணிகர் தனக்குத் தெரியாமல் விலையை ஏற்றிவைத்தார் என்று 2015லிருந்து நாடு நாடாக வழக்கு நடத்தினார். 2023 இறுதியில் அவரோடு சமரசம். 2024 ஜனவரியில் நியூயார்க்கில் சாதபீஸ் ஏல நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் தோற்றார். ஆனால் அந்த ஓவியத்தை 2017ல் ஏலத்தில் விட்டபோது 45 கோடி டாலருக்குப் போனது. ஏமாந்தேன் என்று வழக்குப் போட்டவர் வாங்கிய விலையைப்போல அது மூன்றரை மடங்கு. இதை விளக்கச் சொல்லாதீர்கள், என்னால் முடியாது.

எப்போது நுழையணும், எப்போது வெளியேறணும்னு தெரிந்தவர் என்கிறீர்கள். எல்லாமே ஜெயம்தானா?

இல்லவே இல்லை. உரல்காலி விற்ற காசில் 2010ல் சைப்ரஸ் வங்கியில் சுமார் 10 சதவீதப் பங்கு வாங்கினார். 2013ல் அந்த நாட்டு வங்கிகள் கவிழ்ந்தபோது அது அநேகமாக மொத்தமும் போனது. தான் பிறந்து வளர்ந்த வட்டாரத்துப் பாறையைப் புரிந்துகொண்ட அளவுக்கு வங்கியைப் புரிந்துகொள்ளவில்லை போலிருக்கிறது.

விவாகரத்தில் பாதிச் சொத்து போய்விட்டதாமே?

போகவில்லை. 2014ல் ஜெனீவா நீதிமன்றம் 400 கோடி சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் மனைவிக்குக் கொடுக்கச் சொன்னது உண்மை. அந்தச் செய்திதான் உலகம் சுற்றியது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அது 60 கோடி ஃபிராங்குக்கும் கீழே இறங்கியதைப் பலர் படிக்கவில்லை. 2005லேயே பங்குகளை சைப்ரஸ் அறக்கட்டளைகளின் பெயருக்கு மாற்றிவிட்டிருந்தார். அது திருப்பத்தின் பெரிய காரணம். 2015 அக்டோபரில் இரண்டு பேரும் சமரசமாகப் பிரிந்தார்கள்.

இப்போ உரல்காலி யார் கையில்? இவருக்கு இன்னும் பங்கு இருக்கா?

இவருக்கு 2011க்குப் பிறகு எதுவும் இல்லை. மேலே சொன்ன உரல்கெம்தான் பிறகு பெரும்பான்மைப் பங்கை எடுத்துக்கொண்டது. ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும், 2021ல் ஹாஸ் காரின் மேல் உரல்காலி என்று எழுதியிருந்தது, ஓட்டியவர் மஸேபினின் மகன் நிகிதா. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் காரிலிருந்து எழுத்தை அழித்தார்கள், மகனின் இடம் போனது, அப்பாவும் மகனும் ஐரோப்பியத் தடைப் பட்டியலில் ஏறினார்கள். அந்த ஆண்டு இந்தியா ஒப்பந்தம் போட்ட விலை 590 டாலர், 2008க்குப் பிறகு அவ்வளவு உயரம் போனதில்லை.

இவர் 2013ல் கையில் வைத்திருந்தால் கூட்டு முறிந்திருக்குமா?

தெரிந்து சொல்லும் பதில் இல்லை இது, ஊகம். 2005ல் கூட்டைக் கட்டியவர் காலத்தில் விலையைப் பிடித்துவைப்பதுதான் வேதம். அதை உடைத்தவர்கள் பெருங்கடன் வாங்கிக் கம்பெனியை வாங்கியவர்கள். அவர்களுக்கு அளவும் அவசரமும் வேண்டியிருந்தது. எனவே உரல்காலி பக்கத்திலிருந்து முறிந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் லுகஷென்கோவின் ஆணை வந்தே இருக்கும். அப்போது மின்ஸ்கிலிருந்து வரும் அழைப்புக்கு ரிபோலோவ்லெவ் யாரை அனுப்பியிருப்பார் என்று யோசித்தால், அப்போதும் அந்த விமானத்தில் ஏறியிருப்பவர் பாவும்கெர்ட்னர்தான்.

கடைசியா ஒன்று. அந்த ஊர்க்காரர்கள் என்ன ஆனார்கள்?

கேட்டதற்கு நன்றி, இதை மிகக் குறைவான பேர்தான் கேட்கிறார்கள். குழிக்கு அருகில் இருந்த தெருக்களைக் காலி செய்தார்கள். சுவரில் விரிசல் விழுந்த கட்டடங்களிலிருந்து ஆட்களை எடுத்து, காமா ஆற்றின் மறு கரையில், கீழே யாரும் வெட்டாத நிலத்தில் குடியமர்த்தும் வேலை வருடக்கணக்கில் நடக்கிறது. சோவியத் யூனியனின் கடைசிக் கணக்கெடுப்பில் பெரெஸ்னிகியில் 2 லட்சம் பேர் இருந்தார்கள், 2021ல் 1.4 லட்சத்துக்கும் கீழே. மற்றச் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நகரத்துக்குக் கீழே இருக்கும் பழைய வெற்று அறைகளில் உப்புக் கழிவையே திரும்ப நிரப்பி மேலே நிலத்தைத் தாங்கவைக்கிறார்கள். 'தாத்தா' இப்போது ஒரு ஏரி.